பின்னாலேயே வருகிறவர்

காலை ஏழே கால் மணிக்கு நான் இரண்டாவது தடவையாகப் பாலைச் சுடவைத்தேன். மகள் செல்வி ஓடிவிட்டு வந்ததும் குடிக்கிற பால் அது. முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். ஆறே முக்காலுக்கெல்லாம் வாசல்படியில் உட்கார்ந்து கேன்வாஸ் ஷூவைக் கழற்ற வேண்டியவள் அன்று வரவில்லை. நான் சுபாவத்திலேயே பயந்தவள். பிள்ளைகள் தெருமுனைக் கடைக்குப் போனால்கூட வாசலில் நிற்பேன். ஆனாலும் அன்று அந்த முதல் அரை மணி நேரம் எனக்குப் பெரிய பயம் வரவில்லை. செல்வி ஓடும்போது அவளுக்குப் பின்னால் சைக்கிளில் நர்ஸம்மா போகிறார் என்பதுதான் காரணம்.

அந்த நர்ஸம்மாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம். எங்கள் தெருவிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேங்கிக்கால் பக்கத்துக் கிராமங்களுக்கு அரசாங்கம் போட்ட நர்ஸ் அவர். பிரசவம், தடுப்பூசி, கைக்குழந்தைக்கு எடை பார்ப்பது எல்லாம் அவர் வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு அறை எடுத்துத் தங்கினார். திருவண்ணாமலையில் அந்த நாளில் புடவை கட்டிக்கொண்டு சைக்கிள் விட்ட பெண்பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொசுவத்தை ஊக்கு போட்டு இழுத்துக் குத்தியிருப்பார். முன்னால் கூடை, பின்னால் மருந்துப் பெட்டி. அவர் சைக்கிளை விட்டு இறங்கிப் பேசி நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு காலை யார் வீட்டுப் படியிலாவது ஊன்றிக்கொண்டு, அப்படியே பேசிவிட்டு, அப்படியே மிதித்துப் போய்விடுவார். போன பிறகும் கொஞ்ச நேரம் டிஞ்சர் வாசனை இருக்கும்.

அவர் வாயிலிருந்து முடியாது என்ற சொல் வந்ததே இல்லை. அவரை அறிந்தவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். ரேஷன் கடையில் சர்க்கரை வாங்கித் தர முடியுமா, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியுமா, ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"அதுக்கென்ன. ஆச்சுன்னு வெச்சுக்கோங்க."

கேட்டவர்களுக்கு அந்த இடத்திலேயே பாதி பாரம் இறங்கிவிடும். எனக்கும் இறங்கியிருக்கிறது. செல்விக்கு நான்கு வயதில் ஒருநாள் காய்ச்சல் ஏறி இழுப்பு வந்துவிட்டது. நான் தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். வீட்டில் அவளோடு இருந்தது என் நாத்தனார் மட்டும். அவள் கத்தின சத்தம் கேட்டு நர்ஸம்மா வந்தார். அன்றைக்கென்று பார்த்து சைக்கிள் பஞ்சர். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு தேரடி வீதி வழியாகப் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினார். நான் போய்ச் சேர்ந்தபோது செல்வி கண் திறந்து படுத்திருந்தாள். நர்ஸம்மா பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்காலில் குத்தின கண்ணாடிச் சில்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, "உங்க பொண்ணு கனம் ஜாஸ்திக்கா, நல்லாத்தான் சோறு போட்டிருக்கீங்க" என்றார். இப்போது அவர்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த உள்ளங்கால் ஞாபகம் வந்து கோபத்தைப் பாதியில் நிறுத்துகிறது. அதற்காகவும் அவர்மேல் கோபம் வருகிறது.

அவருடைய ஆச்சு என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கம் உண்டு என்பது தெருவுக்குத் தெரியும். தெரிந்தும் எல்லாரும் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டோம். ஒரு வைகாசி முகூர்த்த நாளில் நான்கு கல்யாண வீட்டுக்கும் முகூர்த்த நேரத்துக்கே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான்கு வீட்டுக்கும் போனார். நாலாவது வீட்டில் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "நர்ஸம்மா, நீங்க நாலா பொறந்திருக்கணும்" என்று மணப்பெண்ணின் அம்மா சொல்ல, "பொறந்திருந்தா எட்டு வீட்டுக்கு ஒத்துக்கிட்டு இருப்பேன்" என்றார் இவர். எல்லாரும் சிரித்தோம்.

எங்கள் எதிர்வீட்டு அம்மாள் ஒருமுறை பேரனுக்கு ஊசி போட மதியம் முழுக்க இவருக்காகக் காத்திருந்தாள். வந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் என்று என்னிடம் கறுவிக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு இவர் வந்து படியில் காலை ஊன்றி, "என்னைத் திட்டறதுக்கு முன்னாடி ஒரு வாய்த் தண்ணி குடுங்கம்மா, திட்டு தாங்கத் தெம்பு வேணும்" என்றார். அந்த அம்மாள் உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். ஒரே நேரத்தை நாலு பேருக்குக் கொடுத்துவிடுகிறவர் மேல் கோபப்படுவது கஷ்டம். நாலு பேருக்கும் மனதாரத்தான் கொடுத்திருப்பார்.

செல்வி ஓட ஆரம்பித்தது எண்பதுகளில், ஒன்பதாம் வகுப்பில். பள்ளிக்கூடத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடும்போது மற்ற பெண்கள் மூச்சு வாங்கி நின்ற பிறகும் இவள் நிற்கவில்லையாம். பி.டி. டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மெட்ராஸில் பெண்களுக்கென்று நீண்ட தூர ஓட்டப் பந்தயம் நடத்துகிறார்கள், அடுத்த வருஷம் இவளை அனுப்பலாம், ஆனால் மைதானத்தைச் சுற்றினால் போதாது, தினமும் சாலையில் நெடுந்தூரம் ஓடிப் பழக வேண்டும் என்றார். எங்கள் ஊரில் அதற்கு மலையைச் சுற்றுகிற கிரிவலப் பாதையை விட்டால் வேறு இடம் இல்லை. பௌர்ணமி அன்று கூட்டம் நெரியும். மற்ற நாளில் அந்தப் பாதையில் விடிகாலையில் சாமியார்களும் விறகு பொறுக்குகிறவர்களும்தான். மலைக்குப் பின்பக்கத்து ஊரான அடி அண்ணாமலையைத் தாண்டினால் அவர்களும் கம்மி.

என் கணவர் ஒரே பிடியாக மறுத்தார். நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர் அவர். "வயசுப் பொண்ணு. விடியாத நேரத்துல மலையைச் சுத்தி ஓடணுமா? ஊரே சிரிக்கும்."

வாசலில் காலை ஊன்றி நின்ற நர்ஸம்மாதான் பதில் சொன்னார். "ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரிங்க ஓடறதைத் தினம் பாக்குது சார் ஊரு. அதைப் பாத்துச் சிரிச்சே வாய் வலிச்சுப் போச்சு. உங்க பொண்ணுக்குன்னு புதுசா சிரிக்கப் போறாங்களா?"

"தனியா எப்படி அனுப்பறது?"

"நான் போறேன். எனக்கும் இடுப்பு ஜாஸ்தியாயிடுச்சு. மலையை ஒரு சுத்து சுத்தி ஈசானிய லிங்கத்துல பாப்பாவை விட்டுட்டு, நேரா வேங்கிக்கால் போயிடறேன். புண்ணியமும் ஆச்சு, வேலையும் ஆச்சு."

ஈசானிய லிங்கம் சுற்று முடிந்து பாதை மறுபடி ஊருக்குள் நுழைகிற இடம். அங்கிருந்து எங்கள் வீடு வரை கடை, வீடு, ஜன நடமாட்டம்தான். நான் என் கணவரிடம் அன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் மறுபடி மறுபடி சொன்ன ஒரே வாதம், நர்ஸம்மா பின்னாலேயே போகிறார் என்பதுதான். அவர் கடைசியில் ஒப்புக்கொண்டது ஓட்டத்துக்கு இல்லை, நர்ஸம்மாவுக்கு.

அந்த ஓட்டப் பயிற்சியில் நர்ஸம்மாவின் கை எல்லாவற்றிலும் இருந்தது. ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும் என்று பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார். நர்ஸம்மா அதைத் தள்ளிவிட்டு, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனார். மாதவிலக்கு நாளில் ஓடலாமா என்று கேட்க நானும் மகளும் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தபோது, அவரே அவளை உட்காரவைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தார். செல்வி முழங்கால்வரை வருகிற கால்சட்டையில் ஓடுவாள். தெருவில் அப்படிப் போக முடியாது. மேலே பாவாடை கட்டிக்கொண்டு போய், செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலப் பாதை பிரிகிற இடத்தில் கழற்றி நர்ஸம்மாவின் கூடையில் போடுவாள். ஈசானிய லிங்கத்தில் மறுபடி கட்டிக்கொள்வாள். அந்த யோசனையும் அவருடையதுதான்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். "திரும்பினா மூச்சு மாறிடும் பாப்பா. நீ முன்னாடி பாத்து ஓடு. பெல்லு கேட்டா நான் இருக்கேன்னு அர்த்தம்." ஒரு பெல் அடித்தால் இதே வேகம், இரண்டு அடித்தால் கொஞ்சம் கூட்டு. செல்வி இதைச் சாப்பிடும்போது என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு ஓடினாலும் நர்ஸம்மா எத்தனை தூரத்தில் இருக்கிறார் என்று பெல் சத்தத்திலேயே தெரியும் என்பாள்.

நான் நர்ஸம்மாவிடம் கேட்டது இரண்டே விஷயம். கண் பார்வையை விட்டு அவளை விடக் கூடாது. உடம்புக்கு ஏதாவது என்றால், வலி என்று ஒரு வார்த்தை சொன்னாலும், என்னிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டுக்கும் ஆச்சுன்னு வெச்சுக்கோங்க என்றார்.

பொங்கல் கழிந்து சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தேன். செல்வியின் பாவாடை இடுப்புப் பக்கம் கயிறு மாதிரி கசங்கி, வியர்வையில் நனைந்து வந்தது. கூடையில் கிடந்த துணி எப்படி நனையும்? நர்ஸம்மாவிடம் கேட்டேன். "எலுமிச்சைத் தண்ணி பாட்டில் மூடி சரியில்லக்கா, கூடையெல்லாம் ஊத்திடுச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் புது மூடி வாங்கிக் கொடுத்தேன். செல்வி ஒரு காலைச் சற்றுப் பார்த்துப் பார்த்து வைக்கிறாள் என்று தோன்றியது. அதையும் கேட்டேன். "ஓடற பொண்ணுக்குக் கால் அசதி இருக்காதாக்கா? அப்படி ஏதாவதுன்னா உங்ககிட்ட சொல்லாம இருப்பனா?"

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். ஏழரைக்கு என் கணவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு வேங்கிக்காலுக்குப் போனார். அங்கே ஒரு வீட்டில் நர்ஸம்மா பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாராம். அந்த வீட்டார் நான்கைந்து பேர் சுற்றி நின்றிருக்கிறார்கள்.

"செல்வி இன்னும் வீட்டுக்கு வரலைம்மா. எங்க விட்டீங்க?"

"இன்னா சார் சொல்றீங்க. ஈசானிய லிங்கம் வரைக்கும் என் முன்னாலதான் ஓடிச்சு. பாவாடையைக் கட்டிக்கிட்டு டாட்டா காட்டிட்டு ஊருக்குள்ள போச்சே."

என் கணவர் அதை நம்பினார். ஈசானிய லிங்கத்துக்கு வந்தவர் மலைப்பாதையில் நுழையவில்லை. அந்தப் பக்கமாக நுழைந்தால் எதிர்ச்சுற்று. மலையை அப்படிச் சுற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. தவிர, பெண்தான் அந்த இடத்தைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டாளே. கோயிலுக்குள் போய்ப் பார்த்தார். சிநேகிதிகள் வீட்டு வாசலில் நின்று, விஷயத்தைச் சொல்லாமல், புத்தகம் வாங்க வந்த மாதிரி விசாரித்தார். வீட்டுக்குத் திரும்பியபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

அதற்குள் என் நாத்தனார் வந்துவிட்டாள். கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள். "அண்ணா, பஸ் ஸ்டாண்டுல போய்ப் பாருங்க. போலீசு கீலீசுன்னு போய் நிக்காதீங்க. அக்கம்பக்கத்துல மூச்சு விடாதீங்க. நாளைக்கு அவளுக்கு ஒரு கல்யாணம் ஆவணும்."

ஊருக்குள் பத்திரமாக வந்து சேர்ந்த பெண், பட்டப்பகலில், வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அப்படியென்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். நாத்தனார் செல்வியின் பெட்டியைத் திறந்தாள். துணிக்கு அடியில் காகிதத்தில் மடித்த வெள்ளை மாத்திரைகள் இருந்தன. பெயர் எதுவும் இல்லாத, ஆஸ்பத்திரியில் எண்ணிக் கொடுக்கிற மாத்திரைகள். அவற்றை உள்ளங்கையில் கொட்டி என் முன்னால் நீட்டினாள்.

"இது எதுக்குச் சாப்பிடற மாத்திரை அண்ணி?"

என் கணவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நான் அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஜன்னலையும் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். செங்கல் சூளை டிராக்டரில் வேலை செய்கிற ஆள். "டைப்பிஸ்டம்மா வூடு இதானே? உங்க பொண்ணு பெரியாஸ்பத்திரில கீது. கால் ஒடஞ்சி கீது. உசுருக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க." அடி அண்ணாமலையைத் தாண்டிய பாதையில், ஒரு சிறு பாலத்தின் ஓரம், புளிய மரத்தடியில் கிடந்தாளாம். டிராக்டரில் இருந்த சித்தாள் பெண்தான் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னாளாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். ஷூவுக்கும் முழங்காலுக்கும் நடுவில் இழுத்துக் கட்டிய கட்டு. அன்று போட்டது இல்லை, அழுக்கேறி இருந்தது.

"எலும்புல முன்னாடியே விரிசல் விட்டிருக்கும்மா. ஓடி ஓடி வந்தது. ஒரு மாசமாவது வலிச்சிருக்கும். அதோடயே ஓட விட்டிருக்கீங்க. இன்னைக்குப் பள்ளத்துல கால் வெச்சதும் முறிஞ்சிடுச்சு. வலிக்கு மாத்திரை யாரு குடுத்தது?"

செல்வி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். "நர்ஸம்மா."

மாவுக்கட்டு போட்டு வார்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கேட்டேன். பொங்கலுக்குப் பிறகு நர்ஸம்மா அடி அண்ணாமலையிலேயே நின்றுவிடுகிறாராம். அங்கே ஒரு வீட்டில் சீக்காளிக்குத் தினம் ஊசி போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நீ போயிட்டே இரு, ஊசி போட்டுட்டுப் பின்னாலயே வரேன் என்பாராம். சில நாள் வருவார். பல நாள் வந்த வழியே ஊருக்குத் திரும்பி, அங்கே ஒப்புக்கொண்ட இன்னொரு வீட்டைப் பார்த்துவிட்டு வேங்கிக்கால் போய்விடுவார். செல்வி பாவாடையை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு மீதிப் பாதையைத் தனியாக ஓடியிருக்கிறாள். அன்றும் அப்படித்தான்.

"கீழ விழுந்ததும் யாரையாவது கூப்பிடக் கூடாதா?"

"ரெண்டு பேர் சைக்கிள்ல போனாங்கம்மா. கூப்பிடல."

"ஏன்டி?"

"கால்சட்டையோட இருந்தேன். இடுப்புல இருந்த பாவாடையை அவுத்துக் கட்டிக்கலாம்னா கால் நகரல. கையை ஊனி நகந்து மரத்துக்குப் பின்னால போயிட்டேன்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நர்ஸம்மா பின்னால வருவாங்கன்னு இருந்தேன்" என்றாள்.

"வலிக்குதுன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஓட விட மாட்ட. அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு அவங்ககிட்ட கேட்டேன். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினாங்க."

என்னிடம் சொல்கிறேன் என்று சொன்னதும், இவளிடம் சொல்ல மாட்டேன் என்று சொன்னதும் ஒரே வாய். இரண்டு பேருக்கும் அவர் இல்லை என்று சொல்லவில்லை. அடி அண்ணாமலையில் நின்றுவிட்டதைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. வேங்கிக்காலில் நாலு பேர் முன்னால் தன் வாக்கு தவறவில்லை என்று காட்டிக்கொள்வதற்காகச் சொன்ன அந்த ஒரு வரியை என்னால் தாண்ட முடியவில்லை. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் எட்டு மணிக்கு என் மகள் எங்கள் கையில் இருந்திருப்பாள். ஒன்பது மணிக்காவது, பத்து மணிக்காவது யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அவள் மரத்தடியில் கிடந்த நேரமெல்லாம் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அவள் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தோம்.

கால் கூடிவிட்டது. நடக்கிறாள், மாடிப்படி ஏறுகிறாள். ஓடுவதில்லை. மெட்ராஸ் பந்தயம் அவள் மாவுக்கட்டோடு இருந்தபோதே முடிந்துவிட்டது. அவளைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் அந்தக் காலைப் பற்றி என்ன சொல்வது என்று இப்போதும் நானும் என் கணவரும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். அவள் கடைக்குப் போனால் நான் இன்னும் வாசலில்தான் நிற்கிறேன். யாராவது அவளோடு துணைக்குப் போகிறேன் என்றால் எனக்குப் பயம் கூடுகிறது.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் தெருவில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். நர்ஸம்மா மட்டும் வரவில்லை. வந்தால் கேட்பதற்கென்று வார்த்தைகளை நான் அடுக்கி வைத்திருந்தேன். அவருடைய மேலதிகாரிக்கு மனு எழுதப் போவதாக என் கணவர் மண்டியில் நாலு பேரிடம் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் நான் வெந்நீர் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது செல்வியின் கட்டிலில் நர்ஸம்மா உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். செல்வி அவர் கொடுத்த சுளையை வாயில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நர்ஸம்மா எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண் கலங்கியிருந்தது. அழுதிருக்கிறார் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்து, வெந்நீர் சொம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சார் மேலிடத்துக்கு எழுதப் போறாராமேக்கா. எழுதட்டும், நான் தடுக்க மாட்டேன். விசாரிக்க வந்தா மட்டும் இப்படிச் சொல்லிடுங்க. ஈசானிய லிங்கம் வரைக்கும் நான் கூடவே வந்தேன். நான் போனப்புறம், இன்னும் கொஞ்சம் ஓடிப் பாக்கலாம்னு பாப்பாவே மலைப்பாதையில திரும்பிப் போச்சு. அவ்ளோதான். பாப்பாகிட்ட கேட்டேன், சரின்னுடுச்சு. நீங்கதான் பாக்கி."